உப்புத்தண்ணிக்குப் பழகின மீன்

ஏனுங்க கண்ணுகளா, கடைக்குப் புதுசா வந்தவங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்கறீங்க. மீன் சொணங்கிக் கெடக்குதுங்கக்கா, என்ன மருந்து போடட்டும்? நான் வேலைய உட்டுப்போட்டு ஊட்டுல உக்காந்த பொறவும் போனைப் போட்டு அதையேதான் கேக்கறீங்க. மருந்துப் பேரெல்லாம் என்னைய விட உங்களுக்கு எச்சாத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கேள்விதான். சீக்கு மீன் இருக்கற ஊட்டுக்குள்ள காலு வெச்சதும் கேளுங்க: இங்க என்ன மாறுச்சு?

அதுக்கு ஊட்டுக்காரங்க சரியாப் பதில் சொல்ல மாட்டாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்லை. தாங்க செஞ்ச நல்லதை யாரும் மாத்தம்னு கணக்குல சேக்கறதில்லை. அதைய நான் கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு ஊட்டுலதான் படிச்சேன். அந்தக் கதையச் சொல்றேன். கேட்டா இந்தத் தொழிலு மேல ஆசை வரும்னு நெனைக்காதீங்க.

நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்கன்னு உங்க முதலாளி சொன்னாரு. எனக்கு வாயில வர்றது அலுப்புதான். ஊரான் ஊட்டுத் தொட்டியில கையை உட்டு அலசி அலசி வெரலெல்லாம் வெடிப்பு. தண்ணிக் கேன் தூக்குன இடுப்பு, மழை வரப்போகுதுன்னா எனக்குத்தான் மொதல்ல சொல்லுது. மீன் செத்தா நம்ம கைராசி, பொழைச்சா அவிங்க குலசாமி. எனக்கு ஏற்கனவே கோவம் எச்சு. அதைய முழுங்கிப்போட்டு, சரிங்கம்மான்னு சொல்லிப்போட்டு அடுத்த ஊட்டுக்கு வண்டியத் திருப்போணும். இப்படியே தலை நரைச்சுப்போச்சு.

தொண்ணூறுகள்ல எங்கூட்டுக்காரரு வேலை பாத்த மில்லைச் சாத்திப்போட்டாங்க. புள்ளைங்க சின்னது. டவுன்ல ஒரு மீன் கடையில தொட்டி கழுவற வேலைக்குச் சேந்தேன். மீன் கடைன்னதும் எங்க காலனியில, வர்றப்ப கொழம்புக்கு ரெண்டு கொண்டான்னாங்க. கண்ணாடித் தொட்டியில வளக்கற மீனுன்னு சொன்னா, அதைய வளத்து என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாங்க. பாப்பாங்கன்னேன். சும்மாவான்னு சிரிச்சாங்க.

கடைக்கார அண்ணன் அதிகம் பேச மாட்டாரு. எங்கயாச்சும் மீன் செத்துப்போச்சுன்னு போன் வந்தா, அதே நெறத்துல அதே அளவுல ஒண்ணை எடுத்துக் கவர்ல கட்டிக் குடுத்து, பேசாம மாத்திப்போட்டு வா அம்மணிம்பாரு. ஒரு டாக்டரம்மா ஆஸ்பத்திரித் தொட்டியில நானே எத்தனையோ வாட்டி மாத்தியிருக்கேன். நோயாளிங்க காத்துக் கெடக்கற எடத்துல செத்த மீன் மெதக்கப்படாதில்ல. ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்லை. இது ஏமாத்து வேலை இல்லீங்களாண்ணான்னு ஒருக்காக் கேட்டேன். அங்க அது மீனில்லை, சொவத்துல மாட்டுன படம், படம் பழசானா மாத்தறதுல என்ன தப்புன்னாரு. கொஞ்ச நேரங்கழிச்சு அவரே சொன்னாரு.

"அந்த மீனையவே பாத்துட்டு ஒருத்தர் உக்காந்திருக்கற ஊடு ஒண்ணு வரும். அங்க மாத்திப்போடாத. கேட்டுப்போட்டுச் செய்யி."

அந்த ஊடுதான் கணபதியில இருந்துச்சு. முன்னால பம்புப் பட்டறை, பின்னால ஊடு. லேத்து ஓடற சத்தம் ஆசாரம் வரைக்கும் கேக்கும். ஆசாரம்னா நம்ம பக்கத்து ஊடுகள்ல உள்ள பெரிய ஹாலு, தெரியுமில்ல. அங்கதான் மீன் தொட்டி. தொட்டிக்கு முன்னால ஒரு நாற்காலி. நாற்காலியில அந்த ஊட்டு ஐயா.

வாட்டசாட்டமா, பட்டறையையே தன் குரல்ல ஓட்டுன மனுசன். ஒருநாள் லேத்துப் பக்கத்துலயே உழுந்துட்டாரு. வலப்பக்கம் கையும் காலும் இழுத்துக்கிச்சு, பேச்சும் போச்சு. காது நல்லாக் கேக்கும், எல்லாம் வெளங்கும். வாயி மட்டும் வராது. வாயி வரலைன்னதும் ஊட்டுல எல்லாரும் அவரை வெச்சுக்கிட்டே, அவரு அங்க இல்லாத மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அது புதுசில்லை. நான் தொட்டி கழுவறப்பவும் ஊட்டுக்காரங்க என்னைய வெச்சுக்கிட்டே எல்லாத்தையும் பேசுவாங்க.

அந்த மீனு கோல்டு பிஷ்ஷு. மகன் பள்ளிக்கூடம் படிக்கறப்ப வாங்குனதாம், இப்ப மகனே பட்டறையப் பாத்துக்கறான். வாங்கறப்ப நல்ல செவப்பாம். வயசாக வயசாக நெறமெல்லாம் எறங்கி வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. முதுகு கூனு, ஒரு கண்ணுல பொறை. ஆனா ஐயா நெழலு கண்ணாடியில உழுந்தா, எங்க கெடந்தாலும் அந்தப் பக்கம் வந்து நிக்கும்.

பிசியோதெரபி அம்மா ஒருத்தங்க கை காலுக்குப் பயிற்சி குடுக்க ஊட்டுக்கு வருவாங்க. பந்தைக் குடுத்தா வீசி எறிஞ்சுபோடுவாராம். கயித்தைக் குடுத்தா மொகத்தைத் திருப்பிக்குவாராம். ஒருநாள் அந்தம்மா பாக்கறாங்க, இவரு மீன் தீனி டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு, அந்த இழுத்துப்போன வலக்கை வெரலாலயே ஒரு சிட்டிகை எடுக்கப் பாடுபட்டுட்டு இருக்காரு. பாதி மடியில சிந்துது, மீதி தரையில. கடைசியில ஒரு துணுக்கு தண்ணியில உழுந்துச்சு, மீனு வந்து வாங்கிக்கிச்சு. அவரு மொகத்துல சிரிப்பு. அன்னிக்கே அந்தம்மா ஊட்டுக்காரம்மாகிட்டத் தெளிவாச் சொல்லிப்போட்டாங்க. இந்தக் கையி இப்பப் பழகுனாத்தான் உண்டு, நாளு போனாக் கட்டைதான். இவரு பழகறது இந்த மீனுக்கோசரம் மட்டும்தான்.

அப்படிப்பட்ட மீனு அடியில படுத்துருச்சுன்னு மகன் கடைக்குப் போன் பண்ணுனான். நான் போய்ப் பாத்தா, தொட்டித் தண்ணி நீலமா நிக்குது. எங்கயோ கேட்டு ஏதோ மருந்தை வாங்கி அவனே ஊத்தியிருக்கான். மீனு ஒரு மூலையில செவுளை மடக்கி மடக்கி இழுக்குது. துடுப்பெல்லாம் ஒடம்போட ஒட்டிக்கிச்சு. மேலெல்லாம் வழவழன்னு ஒரு ஆடை. ஐயா நாற்காலிய முன்னால தள்ளி, கண்ணாடியில நெத்தி படற மாதிரி உக்காந்திருந்தாரு. தீனி டப்பா மூடி தொறந்தே இருந்துச்சு.

இங்க ஏதாச்சும் மாறுச்சுங்களாம்மான்னு கேட்டேன். ஒண்ணும் மாறலையேன்னாங்க ஐயா சம்சாரம், அந்த ஊட்டு அம்மா. தீனி அதேதான், தொட்டி வெச்ச எடமும் அதேதான், வெயிலு படறதில்லை. நான் குனிஞ்சு நிமுந்து பாத்தேன். வயசுதான்னு பட்டுச்சு. வயசுக்கு மருந்தில்லைங்கம்மான்னு சொல்ல வாயெடுத்தேன். ஐயா திரும்பி என்னையப் பாத்தாரு. அம்மா பாத்துட்டு, வெயில்ல வந்திருக்கறே, பொடக்காலிக்கு வா புள்ளே, தண்ணி குடிச்சுப்போட்டு அப்பறம் சொல்லுன்னாங்க.

பொடக்காலின்னா பொறவாசப் பக்கம். அங்க தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துத் திட்டுல ஒரு டம்ளரு கவுத்து வெச்சிருக்கும். எங்க காலனி ஆளுங்க யாரு வேலைக்கு வந்தாலும் அதுலதான் தண்ணி. அவிங்க மேல இருந்து ஊத்துவாங்க, நாங்க பிடிச்சுக் குடிச்சுப்போட்டுக் கழுவிக் கவுத்து வெச்சரோணும். தொட்டி கழுவறதுக்கு மட்டும் நான் ஆசாரம் வரைக்கும் போலாம், அதுவும் இந்தப் பொடக்காலி வழியா. யாரும் யாரையும் ஒரு சொல்லு சொல்றதில்லை. நம்ம பக்கம் எல்லாமே மரியாதையாத்தான் நடக்கும். கண்ணுன்னு கூப்புட்டுத்தான் தண்ணி ஊத்துவாங்க. அந்தப் பாசமும் நெசம்தான், அந்த டம்ளரும் நெசம்தான்.

அந்த டம்ளர்த் தண்ணி எப்பவும் உப்புக் கரிக்கும். அவிங்க ஊட்டு போர்த்தண்ணி அது. எங்க காலனி அடிபம்புத் தண்ணியும் அதே ருசிதான். நாங்க உப்புத்தண்ணிங்கறது கடல் உப்பு இல்லை. குண்டாவுல சுண்ணாம்பு பூசுனாப்ல வெள்ளையாப் படியும், பருப்பு வேகாது, சோப்பு நொரைக்காது. நான் அதையக் குடிச்சே வளந்தவ. அன்னிக்கு வாயில வெச்சதும் நாக்கு திடுக்குன்னுச்சு. தண்ணி இனிக்குது.

"ஏனுங்கம்மா, இது சிறுவாணிங்களா?"

அவிங்க மொகம் அப்படியே மலந்துபோச்சு. சிறுவாணித் தண்ணின்னா கோயமுத்தூர்க்காரங்களுக்கு இருக்கற கர்வம் உங்களுக்கே தெரியும். பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால அந்தத் தெருவுக்குச் சிறுவாணி வருதான்னு கேக்கற ஊரு இது. அந்த வருசக் கோடையில அவிங்க போர் வத்திப்போயி, அலையா அலைஞ்சு குழாய்க் கனெக்சன் வாங்கியிருக்காங்க. தண்ணி வந்த அன்னிக்குக் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, தேங்காய் ஒடைச்சு, சூடம் காட்டியிருக்காங்க. சாமிக்கு அந்தத் தண்ணியில அபிசேகம். ஐயாவுக்குத் தலைக்கு ஊத்துனது அந்தத் தண்ணி. வாயில்லாச் சீவனும் நல்ல தண்ணியப் பாக்கட்டும்னு, தொட்டிய ஒட்டுக்காக் காலி பண்ணி, கல்லையெல்லாம் பாத்திரம் தேக்கறாப்ல தேச்சு, தொட்டி நெறையச் சிறுவாணி. அதையச் சொல்றப்ப அம்மா கண்ணு கலங்கிருச்சு. அவரு பாத்துப் பாத்து வளத்த மீனாச்சே புள்ளேன்னாங்க.

அட கெரகமேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அந்தம்மாவை எப்படிக் குத்தம் சொல்றது? நல்ல தண்ணிதான். மனுசனுக்கு அதைய விட நல்ல தண்ணி கெடையாது. ஆனா ஆயுசெல்லாம் உப்புத்தண்ணியில கெடந்த கெழட்டு மீனு அது. அதுக்குச் சத்து, பாதுகாப்பு எல்லாமே அந்த உப்புதான். ஒரே நாள்ல எல்லாத்தையும் உருவிப்போட்டா ஒடம்பு என்ன பண்ணும்? போதாக்கொறைக்குக் குழாய்த் தண்ணியில கலக்கற குளோரின் மருந்து வேற.

ஆசாரத்துக்கு வந்து மெதுவாச் சொன்னேன். இதுக்குப் பழைய உப்புத்தண்ணிதானுங்க வேணும், கொஞ்சங்கொஞ்சமா மாத்தோணுங்கன்னு. சிறுவாணி ஒத்துக்காதான்னு அம்மா கேட்ட கேள்வியில, அவிங்களையவே நான் ஏதோ சொல்லிப்போட்டாப்ல ஒரு வருத்தம். மகன் பட்டறை அவசரத்துல இருந்தான். கொணங்கெட்டவன் இல்லை, அப்பனைப் பாத்துப் பாத்து ஓஞ்சு போனவன். என்னையத் தனியா வான்னுகூடச் சொல்லலை, அப்பன் முன்னாலயே சொன்னான்.

"ஏனுங்கக்கா, எதுக்கு இத்தனை வம்பு? இதே மாதிரி வெள்ளை மீனு ஒண்ணைக் கொண்டாந்து போட்டுருங்க. அப்பாவுக்கு எங்க தெரியப்போகுது?"

கடையில வெள்ளை மீனு இருந்துச்சு. கூனு இல்லை, பொறை இல்லை, மத்தபடி ஆகும். கொண்டாந்து போட்டா என் வேலை முடிஞ்சுது. இருக்கற மீனைப் பொழைக்க வெக்கறேன்னு ஒத்துக்கிட்டு, அது செத்தா, வந்தவ கொன்னுபோட்டாம்பாங்க. அந்த ஊடு மட்டுமில்லை, அவிங்க சொல்லி வந்த ஊடெல்லாம் போயிரும். கெழட்டு மீனு, பாதிக்கு மேல போயாச்சு. உங்களுக்கு ஒளிக்காமச் சொல்றேன், மாத்திப்போட்டு ஊட்டுக்குப் போயிப் படுக்கோணும் போலத்தான் இருந்துச்சு.

அண்ணன் சொன்னது நெனப்பு வந்துச்சு. கேட்டுப்போட்டுச் செய்யி. நான் நாற்காலிக்கு முன்னால தரையில உக்காந்து, அவரு கண்ணைப் பாத்துக் கேட்டேன்.

"ஐயா, வேற மீனு மாத்தட்டுங்களா? இல்லை இதையே பாக்கலாங்களா? இது பொழைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க."

அவருகிட்ட யாரும் கேள்வி கேட்டு எத்தனையோ நாளாயிருக்கும். மொகம் கோணிக்கிட்டுப் போச்சு, தொண்டையில இருந்து ஏதோ சத்தம் வந்துச்சு. அப்பறம் இடக்கையால என் கையைப் பிடிச்சு இழுத்து, கண்ணாடியில அந்த மீனு கெடந்த மூலையில வெச்சாரு. கையை எடுக்க உடவே இல்லை. மகன் பட்டறைக்குப் போயிட்டான்.

சரி, உப்புத்தண்ணிக்கு எங்க போறது? அவிங்க போர் வத்திப்போச்சு. அக்கம்பக்கத்துப் போர்லயெல்லாம் முலாம் பூசற பட்டறைக் கழிவு எறங்கி, எண்ணெய் மெதந்துட்டுக் கெடக்கும். அதைய ஊத்துனா அன்னிக்கே கருமாதிதான். சுத்தமான உப்புத்தண்ணி எனக்குத் தெரிஞ்சு எங்க காலனி அடிபம்புல இருந்துச்சு. எங்களுக்குத்தான் சிறுவாணிக் குழாய் வரவே இல்லையே. சொல்லிப்போட்டேன்.

"எங்க காலனி அடிபம்புத் தண்ணி ஆகுமுங்கம்மா. நானே கொண்டாறேன்."

அம்மா முந்தானையச் சரி பண்ணிக்கிட்டாங்க. அப்பறம் அதே பாசமான கொரல்ல கேட்டாங்க: "வேற எங்கயும் கெடைக்காதா கண்ணு?"

எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. பொடக்காலித் திட்டு டம்ளரைக் கழுவிக் கவுத்தறப்பக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை, அது பழகிப்போச்சு. அவிங்க ஊட்டுல மீனு செத்துட்டு இருக்கு, அவரு கையி தேறறதே அந்த மீனை நம்பித்தான் இருக்கு, அப்பவும் அந்தக் கேள்வி. வேண்டாம்னா உடுங்கம்மான்னு சொல்லிப்போட்டு வண்டிய எடுத்திருக்கோணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்ப டமார்னு சத்தம். ஐயா தீனி டப்பாவைத் தட்டி உட்டுட்டாரு. ஆசாரம் முழுக்கத் தீனி. அம்மா குனிஞ்சு அதையப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. பொறுக்கிட்டே, தலையத் தூக்காம, கொண்டா புள்ளேன்னாங்க.

அடுத்த வம்பு எங்க தெருவுல. அடிபம்புல சாயங்காலம் குடம் வரிசை போட்டு நிக்கும். நான் ரெண்டு கேனோட போயி நின்னேன். யாருக்குன்னு கேட்டாங்க, மறைக்காமச் சொன்னேன். எனக்கு முன்னால நின்னவ என் பக்கத்தூட்டுக்காரி. வாயாடி, ஆனா நெஞ்சு நல்லது. இடுப்புல கையை வெச்சுக்கிட்டுத் திரும்புனா.

"நாம அவிங்க வாசப்படி மிதிக்கப்படாது. நம்ம தண்ணி மட்டும் ஆசாரம் வரைக்கும் போலாமாக்கும்?"

வரிசையில ஒருத்தரும் சிரிக்கலை. அந்தாளு கையி வரோணுமக்கா, அது அந்த மீனுகிட்ட இருக்குதுன்னு மட்டும் சொன்னேன். அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. உனக்கென்ன கிறுக்கா புள்ளேன்னா. அப்பறம் தன்னோட கொடத்தைக் காலாலயே அக்கட்ட நகத்திப்போட்டு, என் கேனை வெச்சு அவளே பம்பை அடிச்சா. அடிக்கற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் இருந்தா.

மத்ததெல்லாம் நீங்க செய்யற வேலைதான், விவரிக்க ஒண்ணுமில்லை. சொம்பு சொம்பா எடுக்கோணும், சொம்பு சொம்பா ஊத்தோணும். வெசையா ஊத்துனா, கெட்டதைப் போலவே நல்லதும் கொன்னுபோடும். இதுல கஷ்டம் என்னன்னா, ஊத்தாம இருக்கறதுதான். மறுநாளு மீனு ஒருக்களிச்சு, வயிறு தெரியற மாதிரி சாஞ்சிருச்சு. அம்மா வாயில முந்தானையப் பொத்திக்கிட்டாங்க. மகன் ஓடி வந்து, இன்னொரு மருந்து இருக்குதுங்களாம், போடலாங்கறான். எனக்கும் கையி பரபரங்குது, ஒரேயடியா அந்த உப்புத்தண்ணிய ஊத்திப்போடலாம்னு. எல்லாரும் நம்ம கையையே பாத்துட்டு இருக்கறப்ப ஒண்ணும் செய்யாம நிக்கறது இருக்குதே, அதைய உங்களுக்கு யாரும் சொல்லித்தர முடியாது. நான் சொம்பைக் கீழ வெச்சுப்போட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டு, ஐயா நாற்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். என்ன புள்ளே சும்மா உக்காந்துட்டேன்னாங்க அம்மா. இன்னிக்கு இவ்வளவுதானுங்கம்மா, இனி அது பாடுன்னேன்.

பயந்தான். அவிங்களுக்கு அது மீனு, ஐயாவுக்குக் கையி, எனக்கு ரெண்டு புள்ளைங்க சோறு. உள்ளுக்குள்ள மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசறேன்னு வேண்டிக்கிட்டேன். மீனுக்கு வேண்டுதலான்னு சாமியே சிரிச்சிருக்கும்.

தெனமும் போனேன். மேல படிஞ்சிருந்த ஆடை கரைஞ்சுது. துடுப்பு ஒண்ணு விரிஞ்சுது. ஒரு காலையில நான் கேனைத் தூக்கிக்கிட்டுப் பொடக்காலி வழியா நுழையறேன், அம்மா சமையக்கட்டு வாசப்படியில நின்னு வாயைப் பொத்திக்கிட்டு என்னையச் சைகை காட்டிக் கூப்படறாங்க. எட்டிப் பாத்தா, ஐயா வலக்கையத் தூக்கறாரு. கையி ஆடுது. வெரலு நடுங்கி நடுங்கி ஒரு சிட்டிகைய விடுது. அந்தக் கூனு மீனு கீழ இருந்து சாய்ஞ்சு சாய்ஞ்சு மேல வந்து வாயைத் தொறந்துச்சு. அம்மா சத்தமே வராம அழுதாங்க. நானும் அழுதேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலை.

அப்பறம் வாரம் தவறாம எங்க காலனித் தண்ணி அந்த ஊட்டுக்குப் போச்சு. ஒருநாளு நான் ஊத்திட்டு இருக்கறப்ப அம்மா கேட்டாங்க, இதையத்தான் நீங்களும் குடிக்கறீங்களா புள்ளேன்னு. ஆமாங்கம்மான்னேன். பருப்பு வேகுமான்னாங்க. வேகாதுங்க, ஊற வெச்சு அரைச்சுப்போடுவோம்னேன். எந்திருச்சுப் போனாங்க. நான் கெளம்பறப்ப, இரு கண்ணுன்னு சொல்லி, பொடக்காலிக் குழாய்ல ரப்பர் டியூப்பைச் சொருகி, என் காலிக் கேன் ரெண்டுலயும் சிறுவாணித் தண்ணிய நெப்பி உட்டாங்க. டியூப்பு கேன் வாயில படாம உசரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் நின்னேன். ஆனா தண்ணி நல்ல தண்ணி. அன்னிக்கு எங்க ஊட்டுல பருப்பு கரைஞ்சு வெந்துச்சு, பக்கத்தூட்டுக்காரிக்கு ஒரு சொம்பு குடுத்தேன். குடிச்சுப்போட்டு, இதுக்குத்தான் இத்தனை பெருமையான்னா. அப்பறம் இன்னொரு சொம்பு கேட்டா. அதுல இருந்து கேனு உப்புத்தண்ணியாப் போகும், சிறுவாணியாத் திரும்பி வரும்.

மீனு அப்பறமும் ரொம்ப நாளு இருந்துச்சு. ஐயா கையி தேறுச்சு. பழைய மாதிரி இல்லை, ஆனா தானே சோறு பெசஞ்சு தின்னாரு, சட்டைப் பொத்தான் போட்டாரு. பேச்சு வரவே இல்லை.

ஒருநாள் நான் வழக்கம்போல ரெண்டு கேனையும் தூக்கிக்கிட்டு நுழைஞ்சேன். ஆசாரத்துல தொட்டிக்குக் காத்தடிக்கற மோட்டார்ச் சத்தம் இல்லை. தொட்டியக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தாங்க. விடியக்காலமே போயிருச்சாம். சீக்கு இல்லை, நோவு இல்லை, வயசு. தென்னை மரத்தடியில பொதைச்சாச்சுன்னு மகன் சொன்னான். வேற மீனு வாங்கட்டுங்களான்னு கேட்டானாம், அவரு வேண்டாம்னு தலையாட்டிப்போட்டாராம். இந்த வாட்டி அவனே கேட்டிருக்கான், அதுவரைக்கும் நல்லது.

நான் கேனைக் கீழ வெக்கலை. கையி வலிக்குது, ஆனாலும் வெக்கத் தோணலை. அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க.

"இனி தண்ணி கொண்டாற வேண்டாம் அம்மணி."

எப்பவும் புள்ளே, கண்ணுங்கறவங்க அன்னிக்கு மரியாதையா அம்மணின்னாங்க. செரிங்கம்மான்னு சொல்லிப்போட்டு, பொடக்காலிக்குப் போயி அந்தத் தண்ணியத் தென்னை மரத்துக்கு ஊத்துனேன். ஊத்தி முடிச்சதும், சொல்லிட்டுப் போலாம்னு ஆசாரத்துக்கு வந்தேன். ஐயா அதே நாற்காலியில, தொட்டி இல்லாத சொவத்தைப் பாத்து உக்காந்திருந்தாரு. போயிட்டு வாரனுங்க ஐயான்னேன்.

அவரு பக்கத்து மேசையில அவரு குடிக்கற டம்ளரு இருக்கும். அதைய வலக்கையால எடுத்தாரு. நாலு வெரலும் சேந்து பிடிக்கறதுக்கு நேரமாச்சு. தண்ணி தளும்பி வேட்டியில ஊத்துச்சு. எடுத்து என் பக்கம் நீட்டுனாரு. எனக்கு மொதல்ல வெளங்கலை. குடிங்கற மாதிரி மோவாயை ஆட்டுனாரு. அந்தக் கையி ஆடிட்டே இருக்கு, எவ்வளவு நேரம் தாங்கும்? வாங்கிக்கிட்டேன். அண்ணாந்து ஊத்திக்கலாமான்னு ஒரு ரோசனை வந்துச்சு. அவரு என்னையவே பாத்துட்டு இருந்தாரு. வாய் வெச்சுக் குடிச்சேன். முழுக்கக் குடிச்சேன். சிறுவாணித் தண்ணி, இனிப்பா இருந்துச்சு.

டம்ளரை மேசையில வெக்கப் போனேன். அதுக்குள்ள அம்மா கையை நீட்டி எங்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாங்க. வாங்கிக்கிட்டு அப்படியே நின்னாங்க. ஒரு பக்கம் சமையக்கட்டு, ஒரு பக்கம் பொடக்காலி.

கண்ணுகளா, நான் இத்தனை வருசமா இந்தத் தொழில்ல செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், உத்துப் பாக்கறது. செவுளு எப்படி அசையுது, துடுப்பு எப்படி நிக்குது, தண்ணி எப்படி இருக்குதுன்னு எல்லாத்தையும் உத்துப் பாத்துத்தான் சோறு தின்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்றேன். ஆனா அன்னிக்கு, அந்த டம்ளரு எங்க போகுதுன்னு நான் பாக்கலை. காலிக் கேனு ரெண்டையும் எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.